கடித்தால் விடாத குறடு

"பிடிக்க மாட்டேங்குதுடி ஆனந்தி! இந்தக் காலத்துச் சாமானுக்கெல்லாம் வெக்கமே கெடையாதா?"

வாசல் குழிக்குள் தலையை விட்டுக் கத்திய கருப்பணனின் குரல் பக்கத்து ஊர் தாடிக்கொம்பு வரைக்கும் கேட்டிருக்கும். குழாய் வால்வின் கைப்பிடி முறிந்து, மொட்டைத் தண்டு மட்டும் நின்றது. இரண்டு வாரமாக வராத தண்ணீர் இன்றைக்குத்தான் வரப்போகிறது. நாளை மகள் கீர்த்தனாவுக்கு வளைகாப்பு. ஊரே வரும். தொட்டியிலோ பல்லி குடிக்கக்கூடத் தண்ணீர் இல்லை.

கையில் நேற்று வாங்கிய கிரிப் பிளேயர். கடித்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும் என்று கடைக்காரர் சத்தியம் செய்த குறடு. அது தண்டை முத்தமிட்டு முத்தமிட்டு வழுக்கியது.

"பின்னாடி ஒரு திருகு இருக்கே, அதைக் கொஞ்சம் முறுக்கிப் பாருங்களேன்" என்றாள் ஆனந்தி.

"மில்லுல ஆயுசு பூரா மெசினைப் பிரிச்சு மாட்டுனவன்டி நான்! எனக்கே பாடமா? போய்க் கொழம்பைப் பாரு!"

பிளேயரைத் தெருவில் வீசினார். அது விழுந்த சத்தத்தில் ஒரு நாய் அந்தத் தெருவையே காலி செய்தது.

கருப்பணன் போய் நின்ற பழைய இரும்புக் கடையில், கடைக்காரர் அல் அமீன் குவியலுக்குள் கையை விட்டுத் துருப்பிடித்த குறடு ஒன்றை எடுத்தார். "அந்தக் காலத்து உருக்குண்ணே. கடிச்சா லேசுல விடாது."

"அப்படித்தான் அந்தப் புதுசை வித்த பயலும் சொன்னான்!" என்று கருப்பணன் அதைத் தராசுத் தட்டில் கடிக்கவிட்டார். பிடித்தது. பிறகு விடவில்லை. இவர் ஒருபக்கம், அவர் ஒருபக்கம் இழுத்ததில் தட்டு இரண்டானது.

"என் தராசு போச்சேண்ணே!"

"போனாப் போகுது பாய், பிடியைப் பாத்தீங்களா பிடியை!"

தராசுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு, உலகக் கோப்பையோடு வருகிறவரைப் போல வீடு வந்தார்.

பழைய குறடு தண்டைக் கவ்வியது. திருகினார். வால்வு அசையவில்லை. அதிலும் அவருக்குப் பரம சந்தோஷம்.

"பாத்தியா, வழுக்குச்சா?"

சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள் ஆனந்தி. "வழுக்கலங்க. ஆனா தொறக்கவும் இல்லையே?"

"புதுசு பிடிச்ச லட்சணத்துல வால்வுக்குத் திமிரு ஏறிப்போச்சு! இருடி!"

குறட்டின் பிடியில் ஆளுயர இரும்புக் குழாயைச் செருகி, அதன் நுனியில் ஏறிக் குதித்தார்.

டமார்!

அந்த நேரம் பார்த்துத் தண்ணீரும் வந்தது. தெருவிளக்கு உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. வளைகாப்புப் பந்தல் குளித்தது, கட்டியிருந்த வாழைமரம் குளித்தது, எதிர்வீட்டு மாடியில் காய்ந்த வடகமும் குளித்தது. தொட்டிக்கு மட்டும் ஒரு சொட்டும் போகவில்லை.

குளத்தில் நிற்பதுபோல் நின்ற கருப்பணன், பிய்ந்த வால்வுத் தலையைக் கவ்வியிருந்த குறட்டை உயர்த்திப் பிடித்தார்.

"ஆனந்தி, பாருடி! இப்பவும் விடல!"

பக்கத்து வீட்டு செபாஸ்தியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் எதையோ பிடித்தபடி தண்ணீருக்குள் நடந்து வந்தார்.

"விசேச வீடாச்சேன்னு, நீங்க கடைக்குப் போன செத்த நேரத்துல, தெருவுல கெடந்த இந்தப் புது பிளேயரோட பின்னாடித் திருகை லேசா முறுக்கி, அதை வச்சு உங்க வால்வை நாந்தான் முழுசாத் தொறந்து விட்டேன்… அதுக்கு மேல எதைத் தொறக்கண்ணே இம்புட்டு நேரமா முக்குனீங்க?"