ஒரு சொட்டுகூட இறங்காது

யாரையும் நம்பாதவன் கெட்டிக்காரன் என்று என் இருபத்திரண்டாவது வயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பால்காரர் ஊற்றிய பாலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஒருவர் மணி சொன்னால் அடுத்தவரிடம் கேட்டுச் சரிபார்ப்பேன். என் தங்கை கமலாவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் சுருட்டை முடி அசல்தானா என்று தெரிந்துகொள்ள, பூச்சி உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தவன் நான். (அசல்தான். அவர் ‘ஆ’ என்று கத்தியதும்தான் எனக்கு நிம்மதி.) போதாக்குறைக்கு லா காலேஜில் வேறு சேர்ந்திருந்தேன். சும்மாவே சந்தேகப்படுகிறவன் கையில் ஒப்பந்தச் சட்டத்தையும் கொடுத்தால் வீடு உருப்படுமா?

மாப்பிள்ளையின் அப்பா மீஞ்சூர்க்காரர், பொன்னேரி கோர்ட்டில் வக்கீல். ஐப்பசியில் முகூர்த்தம் என்றதும் அவருக்குக் கவலை வந்துவிட்டது.

“அடைமழைக் காலம். ராயபுரத்துல உங்க தெருவை அடைச்சுப் பந்தல் போட்டா நனைஞ்சுகிட்டுதான் தாலி கட்டணும். எங்க வீட்டுக் கூடம் பெரிசு. அங்கேயே நடத்திடலாமே” என்றார்.

நைனாவுக்கு முகம் வாடிப்போயிற்று. ஹார்பரில் மூட்டை எண்ணியே ஆயுளைக் கழித்தவர். பெண்ணை நம் வீட்டு வாசலில்தான் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு இருந்த ஒரே ஆசை. அதைக் காப்பாற்ற நான் கிளம்பினேன்.

கல்மண்டபம் பக்கம் பாஷா பாய் கடை. யுத்தம் முடிந்த சமயம் என்பதால் கப்பலில் கழித்துப் போட்ட கயிறு, விளக்கு, தார்ப்பாய் எல்லாம் அங்கே மலையாகக் கிடக்கும். கறுகறுவென்று ஒரு பெரிய தார்ப்பாயைப் பாய் விரித்துக் காட்டினார்.

“கப்பல்ல சரக்கு மேல மூடுற அசல் பாய், தம்பி. மழ ஒரு சொட்டுகூட எறங்காது. தோ, பக்கெட்டுல தண்ணி கீது, ஊத்திப் பாரு.”

தானாகவே பக்கெட்டை நீட்டுகிறாரே! என் மூளை விழித்துக்கொண்டது. விற்கிறவரே ஒரு சோதனையைச் சொன்னால், அதில் தேறும்படி ஏதோ செய்து வைத்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

“உங்க பக்கெட்டு எனக்கு வேணாம் பாய். நீங்க சொல்ற ஒரு வார்த்தையையும் நான் நம்பலை. நானே சோதிச்சு, என் புத்தியை நம்பித்தான் வாங்கறேன்” என்று கடையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி அறிவித்தேன்.

“இன்னாத்துக்கு பேஜார் பண்ணிகினு கீறே? உன் இஷ்டம்” என்று பாய் ஒதுங்கிக்கொண்டார்.

முகர்ந்து பார்த்தேன். தையலை இழுத்தேன். காசால் சுரண்டினேன். கடைசியில் ஓரத்தைக் கடித்தும் பார்த்தேன். (அன்று முழுக்க என் நாக்கு கறுப்பாக இருந்தது. உலகத்தையே சந்தேகப்பட்டவனுக்கு அதில் மட்டும் சந்தேகம் வரவில்லை.) பரம திருப்தியோடு ரயிலேறி மீஞ்சூர் போனேன்.

“கப்பல் தார்ப்பாய் வாங்கியாச்சு மாமா. நானே சோதிச்சுட்டேன். ஒரு சொட்டுகூட இறங்காது. என் வார்த்தையை நம்பலாம்.”

சம்பந்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சட்டம் படிக்கிற பிள்ளை சொல்றே. நம்பறேன்” என்று ராயபுரத்துக்கே சம்மதித்துவிட்டார்.

முகூர்த்தத்தன்று விடிந்ததும் தூறல். நான் பந்தலில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். கமலாவை மணையில் உட்கார வைத்த நேரம் பார்த்து மழை வலுத்தது. முதல் சொட்டு சம்பந்தியின் பட்டு அங்கவஸ்திரத்தில் விழுந்தது. கறுப்பாக.

அது தார்ப்பாயே இல்லை. பழைய கித்தானுக்கு யாரோ கரிச்சாயம் பூசியிருக்கிறார்கள். பந்தல் முழுக்கக் கறுப்பு மழை. நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்ப உப்ப அதில் கறுப்புக் கோடுகள் இறங்கின. மாப்பிள்ளை சட்டை புள்ளிமான் ஆயிற்று.

“நிறுத்துங்க” என்றார் சம்பந்தி. மேளம் நின்றது.

மணையில் உட்கார்ந்த பெண் எழுந்துவிட்டால் அந்தப் பேச்சு அவள் ஆயுசுக்கும் கூடவே வரும். ஆனாலும் நான் அப்போது காப்பாற்றப் பார்த்தது என்னைத்தான். கல்யாணத்துக்கு வந்திருந்த பாஷா பாயை நோக்கிக் கையை நீட்டினேன்.

“தப்பு என் மேல இல்லை மாமா! ஒரு சொட்டுகூட இறங்காதுன்னு இவர்தான் சொன்னார். இது மிஸ்ரெப்ரசன்டேஷன், தப்பாச் சொல்லி விக்கிறது! ஒப்பந்தத்தை ரத்து பண்ணி நஷ்டஈடும் வாங்கப்போறேன்!”

பாய் பதறிப்போனார். “சத்தியமா எனக்குத் தெரியாது தம்பி. எனக்கு வித்தவன் அப்டித்தான் சொன்னான், நானும் நம்பிட்டேன். இப்பவே அவுத்துடறேன். கடைல நல்ல பாய் கீது, எட்த்தாந்து கட்றேன்.”

“தொடாதீங்க! ஆதாரத்தை அழிக்கப் பார்க்கிறார்!” என்று நான் பந்தக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

“டேய்! ஆதாரம் என் வாய்ல ஒயுகிகினு கீதுடா!” என்று நைனா அலறினார்.

சம்பந்தி கையை உயர்த்தினார். கோர்ட்டில் நிற்பது போலவே நின்றார்.

“பாய் சொன்னதை நம்பித்தான் வாங்கினியா?”

“நானா? ஒரு வார்த்தைகூட நம்பலை!” என்றேன் பெருமையாக.

“சோதிச்சுப் பார்க்க வழி இருந்துதா?”

“பக்கெட்டு தண்ணி குட்த்தேன் சார். தம்பிதான் வாணாம்னுட்ச்சு” என்றார் பாய்.

“அப்போ உன் கேஸ் தள்ளுபடி” என்றார் சம்பந்தி. “பாய் தெரிஞ்சு பொய் சொல்லலை. அவர் தப்பாச் சொன்னதை நம்பி நீ இறங்கியிருந்தா உனக்குப் பரிகாரம் உண்டு. நீதான் நம்பவே இல்லையே. தண்ணியை ஊத்தியிருந்தா அங்கேயே தெரிஞ்சிருக்கும், அதையும் செய்யலை.” அங்கவஸ்திரத்தை விரித்துப் புள்ளிகளைக் காட்டினார். “இங்கே நம்பி ஏமாந்தவன் நான். உன் வார்த்தையை நம்பி வீட்டுக் கூடத்தை விட்டுட்டு தெருவுக்கு வந்தேன். ரத்து பண்ற உரிமை எனக்குத்தான் இருக்கு.”

ரத்து. கொஞ்சம் முன்னால் அதே வார்த்தையை எவ்வளவு ஜம்பமாகச் சொன்னேன்! இப்போது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நைனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் சொன்னதை நான் சந்தேகமே இல்லாமல் அப்படியே நம்பினேன்.

அப்போது கமலா தலை நிமிர்ந்தாள். மூக்கு நுனியில் ஒரு கறுப்புச் சொட்டு.

“மாமா, ரத்து மட்டும்தானா? அந்தச் சட்டத்துல வேற வழி ஒண்ணுமே இல்லியா?”

சம்பந்தி அவளை உற்றுப் பார்த்தார். உதட்டோரம் லேசாக அசைந்தது.

“இருக்கும்மா. நான் இஷ்டப்பட்டா ரத்து பண்ணாம, நடத்துன்னு சொல்லலாம். ஆனா, இவன் சொன்னது உண்மையா இருந்தா நாங்க எப்படி இருந்திருப்போமோ, அப்படி எங்களை வெக்கணும்.” என் பக்கம் திரும்பினார். “என்னடா சொன்னே?”

“ஒரு சொட்டுகூட… இறங்காதுன்னு…”

“இறங்கக் கூடாது.”

யாரோ என் கையில் இரண்டு குடைகளைத் திணித்தார்கள். ஒன்றை மணமக்கள் தலைக்கு மேலும் இன்னொன்றைச் சம்பந்தி தலைக்கு மேலும் பிடித்துக்கொண்டு நின்றேன். மேளம் கொட்டியது, தாலி ஏறியது, அவர்கள் மேல் ஒரு சொட்டு இறங்கவில்லை. அத்தனையும் என் மேல் இறங்கியது. பந்தி போடுவதற்குள் பாய் வேறு தார்ப்பாய் கட்டிவிட்டார். அதை நான் சோதிக்கவில்லை. நன்றாகவே இருந்தது.

சம்பந்தி அந்தத் தீர்ப்பை லேசில் விடவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து திரும்பும்போது மழை பெய்தால் வாசற்படியிலேயே நின்றுவிடுவார், நான் குடையோடு வரும்வரை. அவர் காலமான பிறகு தீர்ப்பு கமலாவுக்கு வாரிசுரிமையாக வந்து சேர்ந்தது. அவள் மகள் கல்யாணம் பெரிய மண்டபத்தில், கான்கிரீட் கூரையின் கீழ் நடந்தது. நான் உள்ளே நுழைந்ததும் கமலா என்னைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப்போனாள். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேருக்கும் எதிரில் ஒரு குடையை விரித்து என் கையில் கொடுத்தாள்.

“எதுக்கும்மா இது? மேல பாரு, எவ்வளவு கெட்டியா இருக்கு” என்றேன்.

“கெட்டியா கீதுன்னு நீ சொல்றியேண்ணா, அதான் பயமா கீது” என்றாள்.