சக்கரமில்லாத டாக்சிகளுக்குப் பச்சை விளக்கு

டாக்குரியா,
துர்கா சப்தமி, 2007

சிரஞ்சீவி அனந்துக்கு அப்பா சந்தானம் அநேக ஆசீர்வாதம். நானும் உன் அம்மா சகுந்தலாவும் க்ஷேமம். பெங்களூரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்றே நம்பிக்கொண்டிருக்கிறோம்.

போனில் பேசினால் அம்மா பக்கத்தில் நின்று கேட்பாள், அதனால் எழுதுகிறேன். உன் கம்பெனி நம் தெருமுனையில் மாட்டிய சிக்னலைப் பற்றித்தான். எல்லா சிக்னலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், எந்தப் பக்கம் வண்டி அதிகம் என்று கேமரா பார்த்துப் பச்சை போடும், பஸ் நின்று புகை கக்காது, அம்மா ஜன்னலைத் திறந்து வைக்கலாம் என்றாய். பூஜை வரும்வரை அப்படியே நடந்தது. நானும் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். இந்த வருடப் பூஜைப் பந்தல் போட்டிக்கு நம் தெருக் கிளப் செயலாளர் தபன் என்ன தீம் பிடித்தான் தெரியுமா? காற்று மாசு! காயலான் கடையிலிருந்து பழைய மஞ்சள் டாக்சிகளை இழுத்து வந்து சிக்னலை ஒட்டிய சந்தில் வரிசையாக நிறுத்தி, கோடியில் தேவியை உட்கார வைத்துவிட்டான். எஞ்சின் இல்லை, சக்கரம் இல்லை. அது உன் கேமராவுக்குத் தெரியுமா? ஐயோ பாவம், இத்தனை பேர் காத்திருக்கிறார்களே என்று சந்துக்கே பச்சை காட்டுகிறது. ஓடுகிற பஸ்களெல்லாம் நம் ஜன்னலுக்குக் கீழே சிவப்பில் நின்று உறுமுகின்றன. தபனிடம் போனால், "மேஷோமஷாய், பரிசு கிடைக்கும்போல இருக்கு, தசமி வரைக்கும் பொறுத்துக்குங்க" என்று சித்தப்பா முறை கொண்டாடுகிறான். போலீஸ்காரரோ, "இப்ப எல்லாம் மெஷின்தான் பாக்குது, எங்க கையில ஒண்ணுமில்ல" என்கிறார்.

அம்மாவுக்குக் கொஞ்சம் இளைப்பு. கொஞ்சம்தான். ஜன்னலில் ஈரத்துணி தொங்கவிட்டிருக்கிறேன். காலையில் வெள்ளை, சாயங்காலம் கறுப்பு. "அனந்துகிட்ட சொல்லிடாதீங்கோ, எனக்காகப் பண்ணினான், கொழந்தை மனசு ஒடஞ்சுடும்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறாள். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நீ லீவு போட்டுக்கொண்டு வர வேண்டாம். அங்கிருந்தே அந்தக் கேமராக் கண்ணைக் கொஞ்சம் மூடிவிடு.

மருமகள் மீராவுக்கும் குழந்தை சஹானாவுக்கும் எங்கள் ஆசிகள். காளிகாட் அம்மன் உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: பூஜைக்குத் தபால் ஆபீஸ் மூடியிருந்ததால் கடிதம் சட்டைப்பையிலேயே கிடந்தது. தசமி முடிந்து டாக்சிகளை எடுத்துவிட்டார்கள். தபனுக்கு முதல் பரிசு. உன் சிக்னல் சொன்னபடி வேலை செய்கிறது, ஒரு பஸ்கூட நிற்பதில்லை, ஜன்னலை விரியத் திறந்து வைத்திருக்கிறேன். அம்மாதான் அஷ்டமியிலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஆம்புலன்சும் அந்தச் சிவப்பில்தான் நின்றது. நேற்று போனில் கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றேனே, அது பொய். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மேலே க்ஷேமம் என்றும் வர வேண்டாம் என்றும் எழுதியதை அடித்துவிட்டுப் படி. கிளம்பி வா.