குளியலறைப் பூசணமும் நான்கு மூட்டை ஏலக்காயும்

வீட்டில் பழுதானதை நானே சரிசெய்கிறேன் என்று ஓர் ஆண்பிள்ளை கிளம்பினால், மற்றவர்கள் முதலில் முக்கியமான சாமான்களை எடுத்துப் பத்திரப்படுத்திவிட வேண்டும். எங்கள் வீட்டில் அப்படிச் செய்ய ஆள் இல்லாமல் போயிற்று. இருந்திருந்தால் என் அத்தாவின் பெயர் போடி வியாபாரிகள் நடுவில் இன்றைக்கும் ஒழுங்காக இருந்திருக்கும். (எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம்.)

போடியிலிருந்து ஜீப்பில் ஏறினால் மலைச்சரிவில் எங்கள் ஏலக்காய்த் தோட்டம், அதற்குள்ளேயே வீடு. சரிவை வெட்டிச் சமப்படுத்திக் கட்டியதால் குளியலறையின் பின்சுவர் மண்மேட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆனியில் மழை பிடித்தால் கார்த்திகை வரை அந்தச் சுவர் காயாது. கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் படர்ந்து கூரை வரை ஏறியிருக்கும். பிறந்ததிலிருந்து பார்த்த எனக்கு அது சுவரின் நிறம் என்றே நினைப்பு.

என் மனைவி ஷமீமா கம்பத்துக்காரி. கல்யாணமாகி வந்த முதல் மழையிலேயே அவளுக்கு இளைப்பு வந்துவிட்டது. குளித்துவிட்டு வெளியே வந்தால் நெஞ்சில் விசில் அடிக்கும். போடியில் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"வீட்ல எங்கேயாவது பூசணம் இருக்காம்மா?"

"எங்கே இல்லைன்னு கேளுங்க டாக்டர்," என்றாள் ஷமீமா.

குளியலறையைக் காய வையுங்கள், காற்று வெளியே போக வழி செய்யுங்கள், குளித்து முடித்ததும் சுவரை வழித்துவிடுங்கள் என்றார் டாக்டர். 'காய வையுங்கள்' என்பதோடு என் காது அடைத்துக்கொண்டது. மற்ற இரண்டையும் அப்போதே கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

"நான் கொஞ்ச நாள் அம்மா வீட்ல இருக்கேன். பாத்ரூம் காஞ்சதும் சொல்லுங்க, வர்றேன்," என்று சொல்லி அவள் கம்பம் பஸ்சில் ஏறிவிட்டாள். சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் சமாதானம் பேசலாம். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்துவிட்டுப் போனாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை என்பதை வெட்கமில்லாமல் எழுதி வைக்கிறேன்.

ரோஷமும் வந்தது. பச்சைக் காயைப் பறித்து, சூட்டறையில் உலர்த்தி, ஒரு பொட்டுப் பூசணம் இல்லாமல் ஊருக்கெல்லாம் அனுப்புகிற பரம்பரை நாங்கள். ஆறடிக்கு ஐந்தடி குளியலறையைக் காய வைக்க எங்களுக்குத் தெரியாதா?

அத்தா அப்போது முழங்கால் வைத்தியத்துக்காகப் போடியில் என் அக்கா வீட்டில் தங்கியிருந்தார். அம்மாவும் கூடவே. தோட்டத்துக்கு நான்தான் ராஜா. போடி போய் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனும், ஒரு பை பிளீச்சிங் பவுடரும் வாங்கி வந்தேன். எலக்ட்ரீசியனைக் கூப்பிடவில்லை. (ராஜா எதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும்?)

ஃபேனை எந்தச் சுவரில் வைப்பது? பின்னால் மண்மேடு. முன்னால் கதவு. வலப்பக்கம் அடுப்படி, குளியலறைக் காற்றை அடுப்படிக்குள் விட நான் என்ன மடையனா? மிச்சம் இடப்பக்கச் சுவர்தான். அதை உடைத்து ஃபேனை மாட்டினேன். பிளீச்சிங் பவுடரைக் குழைத்துச் சுவர் முழுக்க அப்பினேன். கதவைச் சாத்திவிட்டு மூன்று நாள் ஃபேனை ஓடவிட்டேன். நான்காம் நாள் சுவர் பால் மாதிரி வெளுத்திருந்தது. ஃபேன் மாட்டியதை அத்தாவுக்குப் போனில் பெருமையாகச் சொன்னேன். போட்டோ எடுத்து ஷமீமாவுக்கு அனுப்பினேன். 'மாஷா அல்லாஹ்' என்று பதில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இடப்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். உலர்த்திய ஏலக்காயைத் தரையில் பரப்பித் தரம் பிரிக்கிற அறை. அந்த வாரம் நான்கு மூட்டைக் காய் அங்கேதான் பரந்து கிடந்தது. பரப்பியவனும் நான்தான். ஏலக்காய்க்குப் பக்கத்து வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்கிற குணம் உண்டு. அதற்காகவே அத்தா அந்த அறைக்குள் அத்தர் பூசிக்கொண்டு நுழையமாட்டார். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் ஃபேன் காற்றை வெளியே தள்ளும் என்பதோடு என் அறிவு நின்றுவிட்டது. வெளியே என்றால் எங்கே என்று யோசிக்கவில்லை.

காயை அள்ளி மூட்டை கட்டி போடி ஏல மையத்தில் போட்டேன். மூன்று நாள் பிளீச்சிங் பவுடரிலேயே கிடந்த மூக்குக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. ஏலத்தன்று அத்தா அக்கா வீட்டிலிருந்து நேராக அங்கே வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காயை முகர்ந்தே எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்கிற மூக்கு அவருக்கு. வியாபாரிகளே சந்தேகம் என்றால் அவரிடம் நீட்டுவார்கள்.

எங்கள் சாம்பிள் வந்தது. ராசிங்காபுரத்து வியாபாரி ஒருவர் ஒரு காயைப் பிளந்து முகர்ந்தார். தட்டையே தூக்கி முகர்ந்தார்.

"பாய், காய்ல ஒரு மாதிரி வாசம் அடிக்குதே."

பக்கத்திலிருந்தவரும் எடுத்துப் பார்த்தார். "ஆசுபத்திரில தரை தொடச்ச மாதிரில்ல இருக்கு."

அத்தா ஒரு காயை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றார். என்னைப் பார்த்தார். நான் தலையைத் தூக்கி, கூரையில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன். எல்லாம் அந்த விநாடியில்தான் விளங்கியது. பூமி பிளந்து என்னை மட்டும் விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தா எழுந்து நின்றார்.

"என் தப்புத்தேன். பாத்ரூம் கழுவுன கையோட காயை அள்ளிப்புட்டேன். இந்த லாட்டு வேணாம், நான் எடுத்துக்கிறேன்."

ஹாலே சிரித்தது. "பிளீச்சிங் பாய்," என்றார் யாரோ பின்னாலிருந்து. அத்தாவும் கூடவே சிரித்தார். என்னால்தான் முடியவில்லை.

நான்கு மூட்டையும் நாங்களுமாக ஜீப்பில் மலையேறினோம். ஏழெட்டு வளைவு தாண்டியதும் அத்தா கேட்டார்.

"ஃபேனு எந்தப் பக்கம்ப்பா ஊதுது?"

"காய் ரூம் பக்கம்த்தா."

இன்னும் இரண்டு வளைவு போனது.

"புள்ள எப்ப வருது?"

"பாத்ரூம் காஞ்சாத்தான்."

"அப்பக் காய வைப்போம்," என்றார்.

மறுநாள் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் வெட்டினேன். மண்மேட்டைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளிச் சரித்து, மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் போட்டோம். பின்சுவரில் உயரமாக ஓட்டை போட்டு ஃபேனை அங்கே மாற்றினோம். காகிதத் துண்டைப் பிடித்துக் காட்டச்சொல்லி, அது திறந்த வெளியைப் பார்த்துத்தான் ஊதுகிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே அத்தா டீ குடித்தார். இடப்பக்கத்து ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்தோம். கதவுக்குப் பின்னால் ஒரு வைப்பர் தொங்கியது. குளித்தவர் சுவரை வழித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். அத்தாவுக்கும் விலக்கு இல்லை. பத்து நாளில் சுவர் உண்மையாகவே காய்ந்தது.

ஷமீமா வந்தாள். பையைக்கூட வைக்காமல் குளியலறைக்குள் போய் நின்று மூச்சை இழுத்து விட்டாள். விசில் சத்தம் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு, மூலையில் கிடக்கும் நான்கு மூட்டை என்ன என்று கேட்டாள். அத்தா ஒன்றுவிடாமல் சொன்னார். கேட்டுச் சிரித்துச் சிரித்து அவளுக்கு மறுபடி இளைப்பு வந்து, இன்ஹேலரைத் தேடி நான் வீடெல்லாம் ஓடினேன்.

இப்போது ஏலத்துக்கு நான்தான் போகிறேன். "பிளீச்சிங் பாய் மகன் வந்துட்டாரு" என்று இடம் ஒதுக்குவார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் ஷமீமா இந்தக் கதையைச் சொல்லாமல் டீ கொடுப்பதில்லை. போடிக்கு மட்டும் உண்மை தெரியாது. போன வருஷம் எனக்கே பொறுக்காமல், எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்லிவிடப் போகிறேன் என்று அத்தாவிடம் சொன்னேன்.

"விடுப்பா," என்றார் அத்தா. "எனக்கும் பழகிப்போச்சு. போன்லயே நான் பிளீச்சிங் பாய் பேசுறேன்னுதேன் சொல்றேன். இப்பப் போயி நீ பேரை மாத்துனா, ஆளு யாருன்னு அவங்களுக்குத் தெரியாது."