குடும்ப வருமானம் காட்டிய சனிக்கிழமை

கணக்கு டீச்சரை நம்பி யாரும் வீடு வாங்கப் போகக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு, நானே ஒரு கணக்கு டீச்சர். தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கூட்டலும் கழித்தலும் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்கிய நான், சொந்தக் காரியம் என்று வந்தபோது கூட்டலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு கழித்தலை வகுப்பிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டேன். (பிள்ளைகள் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.)

தொண்ணூறுகளின் கடைசி அது. நானும் என் கணவர் ஆரோக்கியமும் இரண்டு பிள்ளைகளோடு ஹட்டன் டவுனில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். பின்பக்கம் என்றால் ஓர் அறையும், அடுப்பு வைத்தால் ஆள் நிற்க இடமில்லாத ஒரு குசினியும். அவருக்கு ஹார்ட்வெயார் கடையில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் வீடு கட்டச் சீமெந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் ஒழுகும் கூரைக்குக் கீழே வந்து உட்காருவார். வீட்டுக்கார அம்மா, நாங்கள் நோனா என்று கூப்பிடுகிறவர், மகனுக்குக் கல்யாணம் பேசிவிட்டார். புது மருமகள் வருவதற்குள் இடத்தைக் காலி பண்ணித் தரச் சொன்னார். அந்தப் பேச்சு காதில் விழுந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஹட்டனில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மண்தான். ஆனால் அத்தனையும் தோட்டத்து மண், விற்பனைக்கு இல்லை. தேயிலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் மிச்சம் விட்ட துண்டில்தான் டவுன் முழுவதும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. அதனால் ஒரு பேர்ச் நிலத்துக்குச் சொல்கிற விலையைக் கேட்டால், கொழும்பில் கடற்கரையோரத்தை விலை பேசுகிறோமோ என்று சந்தேகம் வரும். வாடகையும் அப்படித்தான். நாங்கள் பார்த்த இடங்களில் ஒன்றுக்கு அட்வான்ஸ் கேட்டபோது என் கணவர், "மாடிக்கும் சேர்த்துங்களா?" என்று கேட்டுவிட்டார். அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது.

அந்த நேரத்தில்தான் நடராஜா மாஸ்டர் தன் வீட்டை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், எனக்குக் கணிதம் படிப்பித்தவர். ஓய்வு பெற்றுக் கொழும்பில் மகளோடு போய் இருக்கப் போகிறார். இரண்டு அறை, தகரக் கூரை, குசினிக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். அந்தக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய மாணவி என்பதால் மற்றவர்களிடம் கேட்டதைவிடக் குறைத்துத்தான் சொன்னார்.

"மாதக் கடைசி வரைக்கும் உமக்காக வச்சிருப்பன், பிள்ளை. அதுக்குப் பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது" என்றார்.

மறுநாளே வங்கிக்கு ஓடினேன். கடன் பகுதியில் ஜயசேன என்றொருவர் இருந்தார். சிங்களவர், ஹட்டனில் பல வருடம் வேலை பார்த்ததில் தமிழ் நன்றாகப் பேசுவார். எங்கள் இரண்டு பேரின் சம்பளத்தையும் பார்த்துவிட்டு, வைத்தியர் ரிப்போர்ட்டைப் பார்ப்பதுபோல ஒரு தடவை என்னையும் பார்த்தார். இது போதாது என்றார். வீட்டில் வேறு யாராவது உழைக்கிறார்களா, குடும்ப வருமானம் என்று சேர்த்துக் காட்டினால் யோசிக்கலாம் என்றார்.

எனக்குச் சட்டென்று மூளை வேலை செய்தது. (அது அப்படிச் சட்டென்று வேலை செய்யும்போதெல்லாம் குடும்பத்துக்கு ஆபத்து என்பது அப்போது தெரியாது.) டிக்கோயாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் என் கணவரைப் பெற்ற மாமா, அத்தை, கொழுந்தன் பிலிப்பு, அவன் பெண்சாதி ரோசலின் என்று நான்கு பேர் இருக்கிறார்கள். நான்கு பேரும் செக்ரோல் என்ற தோட்டச் சம்பளப் பதிவேட்டில் பெயர் உள்ள நிரந்தரத் தொழிலாளர்கள். நான்கு சம்பளம்! எல்லாரும் ஒரே வீட்டிலா என்று ஜயசேன கேட்டார். ஒரே வீட்டில்தான் என்று சொன்னேன். அப்படியானால் சனிக்கிழமை காலையில் வந்து வீட்டைப் பார்க்கிறேன் என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது என் கணவர் வெகுநேரம் அறையின் நான்கு சுவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டுப் பேரு எங்க படுக்குறோம்னு கேட்டா என்னா சொல்லுவ?"

அடுத்த பஸ்ஸில் தோட்டத்துக்குப் போனேன்.

மாமா சவரிமுத்து உடனே சம்மதித்தார். வங்கித் துரை வருகிறார் என்பதே அவருக்குப் பெருமையாக இருந்தது. அத்தை மரியாயிதான் சிக்கல். அத்தை ஞாயிறு பூசை தவறாதவர். என்மேல் பாசமாக இருந்தால் 'கண்ணு' என்பார், கோபம் வந்தால் 'டீச்சர்' என்பார்.

"நான் பொய் சொல்ல மாட்டேன், டீச்சர். அங்க இருக்கேன்னு சொல்லணும்னா, அங்க இருக்கணும்."

நான் எவ்வளவோ மன்றாடினேன். கேட்டால்தானே சொல்ல வேண்டும், பேசாமல் இருங்கள் போதும் என்றேன். அத்தை யோசித்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார். நானும் நிம்மதியாகத் திரும்பினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் ஓர் அம்மிக்கல். உள்ளே போனால் இரண்டு பானை, கம்பளி மூட்டை, மாதா படம், கூடைக்குள் ஒரு சேவல். நடுவில் அத்தை அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தார். மாமா பிள்ளைகளோடு படுக்கையில் உட்கார்ந்திருந்தார்.

"இப்ப நாங்க இங்கதான் இருக்கோம். யாரு கேட்டாலும் பொய்யில்ல" என்றார் அத்தை.

பொய்யை உண்மையாக்க அந்த அம்மாள் குடியே பெயர்ந்து வந்துவிட்டார். அதற்காக வியாழன் பாதியும் வெள்ளி முழுவதும் வேலைக்குப் போகவில்லை. தோட்டத்தில் வேலைக்குப் போய்ச் செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். வருமானம் காட்ட வந்ததில் இருந்த வருமானமும் போயிற்று. சேவல் எதற்கு என்று கேட்டேன். வங்கித் துரையை வெறும் வயிற்றோடு அனுப்பினால் தோட்டத்துக்கே கேவலம் என்றார் மாமா.

அந்த இரண்டு நாளும் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். கரும்பலகையில் ஒரு பெருக்கலைப் பிழையாகப் போட்டு, பிள்ளைகள் திருத்தினார்கள். சேவல் விடியுமுன்னே கூவிக் கூவி, முன்பக்கத்தில் நோனா ஜன்னலைத் திறந்து திறந்து மூடினார். எந்த நேரமும் யாரோ கதவைத் தட்டி, "டீச்சர், எட்டாவது ஆள் எங்கே?" என்று கேட்பதுபோலவே இருந்தது.

சனிக்கிழமை காலையில் பிலிப்பும் ரோசலினும் வந்து சேர்ந்தார்கள். கல்யாணத்துக்கு எடுத்த உடுப்பில் வந்திருந்தார்கள். அப்படி வரச் சொன்னதும் நான்தான். ஜயசேன வந்து உட்கார்ந்ததும் அறையில் கால் வைக்க இடமில்லை. நான் தேநீர் கொடுத்தேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, மிக மரியாதையாக அத்தையிடம் கேட்டார்.

"அம்மா எவ்வளவு காலம் இந்த வீட்டிலே?"

"வியாழக்கெழமையில இருந்துங்க."

அத்தையின் முகத்தில் ஒரு குற்ற உணர்வும் இல்லை. உண்மையைச் சொன்ன நிம்மதிதான் இருந்தது. ஜயசேன பேனாவைக் கீழே வைக்கவில்லை. அதுவே எனக்கு ஒரு நம்பிக்கையாகத் தோன்றியது. (முழுகுகிறவளுக்குத் துரும்பும் தோணி.) அவர் மாமா பக்கம் திரும்பி, உங்கள் சம்பளத்தில் இந்த வீட்டுச் செலவுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல இருந்தது.

"நாங்க என்னாத்துக்குங்க குடுக்கணும்? மாசம் பொறந்தா என் மவன்தான் எங்களுக்கு அனுப்பிருவான். ஒரு மாசம் தவறுனதில்ல. மழையில பேரு விழலன்னாலும் எங்க அடுப்பு எரியுதுன்னா, அது அவனாலதான். இப்புடி ஒரு மவன் எங்க தோட்டத்துல யாருக்கும் இல்லீங்க."

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அனுப்பும் அந்தப் பணத்துக்காக நான் போடாத சண்டை இல்லை. மாதம் பிறந்தால் வீட்டில் அதே பேச்சுத்தான். ஆனால் வருமானம் காட்டும்போது மட்டும் அது என் ஞாபகத்துக்கு வரவேயில்லை. ஜயசேன காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தார். வாசல்வரை வந்த என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"டீச்சர், எனக்குக் கோபமில்லை. ஆனால் நீங்கள் வருமானம் என்று காட்டிய நாலு பேரும் செலவுப் பக்கத்தில் இருக்கிறார்கள்."

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று மாமா வழி மறித்தார். அவர் வேறு வேலை இருப்பதாகச் சொல்லி ஓடிவிட்டார். மாமாவுக்கு அதுதான் மனவருத்தம். தான் மகனைப் பற்றிப் பேசியது வங்கித் துரைக்கு மிகவும் பிடித்துப்போனது என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதை மாற்ற எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கடன் போனதற்குப் பாதி, என்னை நினைத்துப் பாதி. மாதக் கடைசியில் மாஸ்டரின் வீட்டை ஒரு மரக்கறி முதலாளி காசை எண்ணிக் கொடுத்து வாங்கிவிட்டார். அந்தப் பாதையால் போவதையே நான் வெகுகாலம் விட்டிருந்தேன். எங்கள் நோனாவோ பின்பக்கத்தில் எட்டுப் பேரும் ஒரு சேவலும் குடியேறிவிட்டார்கள் என்று பயந்துபோய், கல்யாணம் வரைக்கும்கூடப் பொறுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

வேறு வழியில்லாமல் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான மாமாவின் லயக் காம்பராவுக்குத்தான். நான் வங்கியில் சொன்ன அதே எட்டுப் பேர், ஒரே கூரை, ஒரே அடுப்பு. முதல் வாரம் வெட்கத்தில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாடகை இல்லை, மாதா மாதம் அனுப்ப வேண்டிய பணமும் இல்லை. சம்பளங்களை எல்லாம் அத்தையே வாங்கி, ஒரு பகுதியைக் கண்ணில் காட்டாமல் எடுத்து வைத்தார். டவுனில் இருந்தபோது என்னால் ஒரு சதம் மிச்சம் பிடிக்க முடிந்ததில்லை. அங்கே பிடித்தோம். ஏழெட்டு வருடம் ஆயிற்று.

இரண்டாயிரங்களின் நடுவில், பிலிப்புக்குக் கினிகத்தேனையில் ஒரு கடையில் வேலை கிடைத்து, மாமாவும் அத்தையும் வேலையிலிருந்து நின்று, எனக்கும் அந்தப் பக்கம் இடமாற்றம் வந்தபோது, அங்கே ஒரு வீடு வாங்கினோம். ஹட்டன் விலைக்கு நாங்கள் கடைசிவரை எட்டவே இல்லை. கினிகத்தேனையில் மழைதான் அதிகம், விலை கொஞ்சம் குறைவு. கடனுக்காகப் பார்க்க வந்த அதிகாரி கேட்ட எல்லாவற்றுக்கும் உள்ளதையே சொன்னேன். அப்போதும் உள்ளங்கை வியர்த்துக்கொண்டுதான் இருந்தது.

குடிபோன கொஞ்ச நாளில் கிராம சேவகர் வாக்காளர் பதிவுக்கு வந்தார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மூத்த மகன் குறுக்கே விழுந்தான்.

"உள்ள கணக்கா சேர், பேங்குக்குச் சொல்ற கணக்கா?"

வீடே சிரித்தது. எனக்கு முகம் சுண்டிப்போனது. கிராம சேவகர் ஒன்றும் புரியாமல் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று முதல் எங்கள் வீட்டில் யாருடைய சம்பளம், யாருடைய வயது, யார் எத்தனை தோசை சாப்பிட்டார்கள் என்று எதைக் கேட்டாலும் இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. அன்றைக்கு அதற்குப் பதில் சொன்னவர் அத்தை.

"எட்டுங்க" என்றார். "இப்ப ரெண்டு கணக்கும் ஒண்ணுதான்."