இல்மரிக்கு மட்டும் கிடையாது

முதல் பனி விழுந்த அன்னைக்குக் காலையில, காபி ஆறுறதுக்குள்ள வைனோ எழுந்து நின்னு ஒரு சபதம் போட்டான்.

"ரய்லி, கேட்டுக்கோ. சக்கரத்தை வித்துடறேன். ஆனா இந்தப் பின்லாந்துல எவன் வந்து கேட்டாலும் கொடுப்பேன், அந்த இல்மரிக்கு மட்டும் கிடையாது."

பொண்டாட்டி ரய்லி ஏலக்காய் பன்னுல வெண்ணெய் தடவிக்கிட்டே, "சரி"ன்னா.

கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, அவ "சரி"ன்னு சொன்னதுக்கப்புறம் எது அவன் நினைச்சபடி நடந்திருக்கு? அதை மனுஷன் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்.

சக்கரம்னா ஏதோ ஓட்டைச் சக்கரம்னு நினைச்சுடாதீங்க. நாலும் அலாய் வீல். புதுப் பாத்திரம் மாதிரி மினுமினுக்கும். மேல பனிக்கால டயர், ஆணி பதிச்சது. ஐஸ் மேல உருண்டா முறுக்கு கடிக்கற மாதிரி மொறுமொறுன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அதுக்கே தனியாக் காசு கொடுக்கலாம்.

காரை ஏற்கனவே வித்தாச்சு. வைனோவுக்குக் கண்ணுல புரை. ரோட்டோரத்துல நின்ன தபால் பெட்டியைப் பக்கத்து வீட்டுக்காரன்னு நினைச்சு வணக்கம் சொல்லியிருக்கான். அது பதில் சொல்லல. வண்டியை நிறுத்தி இறங்கிப் போய், "புதுப் படகு வாங்கினதும் ஆளே மாறிட்டியாடா?"ன்னு அது கூட ஒரே சண்டை. ரய்லி அன்னைக்கே சாவியைப் பிடுங்கிட்டா. அந்தத் தபால் பெட்டியோட சொந்தக்காரிக்கு மூணு புருஷன், மூணு பேருக்கும் ஒரே பேரு, அது ஒரு பெரிய கதை, இப்ப வேண்டாம்.

காரை வாங்கினவன் கோடைக்கால டயரோட ஓட்டிட்டுப் போயிட்டான். பனிக்காலச் சக்கரம் நாலும் சானாவுக்கு, அதான் நீராவிக் குளியலறைக்கு, முன்னால இருக்கற சின்ன அறையில தங்கிப் போச்சு. சனிக்கிழமை குளிக்கப் போனா உட்கார்ந்து சாக்ஸ் கழட்ட இடமில்ல. ரய்லி சக்கரத்து மேலேயே உட்காருவா. "எழுந்திரு, கீறல் விழும்"ம்பான் இவன்.

போன வாரம்தான் அவ சாவகாசமா ஆரம்பிச்சா.

"இல்மரிகிட்டயும் அதே கார்தான். டயர் மொட்டையாக் கிடக்காம். சக்கரத்தை அவனுக்குக் கொடுத்தா, புதன்கிழமை புதன்கிழமை நம்மளையும் நடனக் கூடத்துக்குக் கூட்டிட்டுப் போவான்."

வைனோ வாயில இருந்த காபி மேஜைக்கு வந்துடுச்சு.

ஏன்னு கேளுங்க. ஏரிக்கரை ஆட்டக் கொட்டகைக்கு எங்க பக்கத்துல ஒரு முறை உண்டு. ஒரு பொண்ணைக் கூப்பிட்டா ரெண்டு பாட்டு ஆடலாம். முடிஞ்சதும் நின்ன இடத்துலயே கொண்டு வந்து விட்டு, நன்றி சொல்லிட்டு நகர்ந்துடணும். மூணாவது பாட்டுக்கும் கையை விடலைன்னா ஊரே கழுத்தை நீட்டிப் பார்க்கும். ரய்லியும் வைனோவும் மோதிரம் மாத்தின புதுசுல, இல்மரி அவளைக் கூப்பிட்டான். ரெண்டு பாட்டு ஆச்சு. மூணாவதும் ஆடினான். வைனோ சுவரோரமா அவ கைப்பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, கொசுவை அடிக்கக் கூட கை இல்லாம நின்னான்.

"அது நடந்து நாப்பது வருஷம் ஆச்சு, கிழவா."

"மூணாவது பாட்டு, ரய்லி! மூணாவது!"

"நீ ஆட வந்திருந்தா அவன் ஏன் வரான்?"

"என் கையில உன் பை இருந்துச்சு!"

"கீழ வெச்சிருக்கலாம்ல?"

"எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா?"

"ஆமா. பையைக் காப்பாத்திட்ட. என்னைத்தான் தூக்கிட்டுப் போக விட்டுட்ட."

இத்தனைக்கும் இல்மரி வெளியூர்ல எங்கேயோ இருந்தவன், இந்தக் கோடையிலதான் ஊர் திரும்பினான். பொண்டாட்டி செத்துத் தனியாளா வந்திருக்கான்னு வைனோவுக்குக் கேள்வி. அதைவிடப் பெரிய கஷ்டம், அவன் தலையில இன்னும் முடி இருக்கு. வைனோ ஒரு நாள் கண்ணாடி முன்னால நின்னு, "சாயமாத்தான் இருக்கும்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டான். சமையலறையில இருந்து ரய்லி, "இல்ல, நிஜம்தான்"னா.

சரி, சபதத்துக்கு வருவோம். வைனோ கடை வாசல் பலகையில ஒரு சீட்டு ஒட்டினான். பனி விழுந்தாத்தான் ஊருக்கே டயர் ஞாபகம் வரும். அன்னைக்கு மத்தியானமே ஆள் வர ஆரம்பிச்சுது. வந்தவங்ககிட்டயெல்லாம் முதல் கேள்வி, "இல்மரியைத் தெரியுமா?"

"தெரியாமயா? என்னமா ஆடுவாரு!"

"விக்கறதா இல்ல. போயிட்டு வா."

அடுத்தவன், "அவன் என்கூடப் படிச்சவனாச்சே"ன்னான். அவனும் போனான். இன்னொருத்தன், "இன்னைக்குத்தான் பார்த்தேன், என்னா முடி!"ன்னான். அவன் பின்னாடியே கதவு படார்னு சாத்திக்கிச்சு.

ரய்லி ஜன்னல்ல இருந்து, "இப்படியே போனா இல்மரியைத் தெரியாத ஆளுக்கு நார்வேக்குத்தான் சொல்லி அனுப்பணும்"னா.

ரெண்டு நாள் கழிச்சு வந்தா ஹில்கான்னு ஒருத்தி. சிவப்புத் தொப்பி, சிரிச்ச முகம். பின்னால கையால இழுக்கற ஒரு சின்ன வண்டி. வைனோ வழக்கம் போல கேட்டான்.

"இல்மரியைத் தெரியுமா?"

ஹில்கா பெருமூச்சு விட்டா. "ஒரு ஆம்பளையை முழுசாத் தெரியும்னு யாருங்க சொல்ல முடியும்?"

வைனோவுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. "அதேதான்! அவனை யாருக்குமே தெரியாது! வெளியில முடி, உள்ளுக்குள்ள என்னவோ!"

"ஐயோ, என்ன அழகாத் துடைச்சு வெச்சிருக்கீங்க. சக்கரத்தை இப்படிப் பாத்துக்கறவர், வீட்டுக்காரம்மாவை எப்படிப் பாத்துப்பீங்க!"

யாரும் அவனை இப்படிப் பாராட்டினதில்ல. சொன்ன விலையில பாதியா அவனே குறைச்சுட்டான். எது முன் இடது, எது பின் வலதுன்னு சாக்பீஸ்ல எழுதியிருந்ததை ஒண்ணொண்ணாக் காட்டினான். "மாட்டினதும் விட்டுடக் கூடாது. கொஞ்ச தூரம் ஓடினதும் போல்ட்டை மறுபடி இறுக்கணும்."

"எனக்கு எங்கங்க அதெல்லாம் வரும்? புதன்கிழமை வண்டியை இங்கயே கொண்டு வரேன். உங்க கையால இறுக்கிக் கொடுங்களேன்."

"தாராளமா!"

இவ்வளவு நேரமும் ரய்லி சமையலறையை விட்டு வெளிய தலை நீட்டல. வீட்டுக்கு ஒருத்தி வந்து காபி குடிக்காமப் போறா, ரய்லி சும்மா இருக்கா! அதுக்கே அவன் சந்தேகப்பட்டிருக்கணும். ஆனா அவன் சீட்டியடிச்சுக்கிட்டுல்ல உள்ள வந்தான்.

"வித்துட்டேன்! இனி உன் இல்மரி அந்த மொட்டை டயரோட எங்க ஆடப் போறான்னு பாக்கறேன்!"

"சரி"ன்னா ரய்லி.

புதன்கிழமை சாயங்காலம். வாசல்ல மொறுமொறுன்னு சத்தம். கண்ணு போனா என்ன, காது இருக்கே. தன்னோட டயர்னு வைனோவுக்குத் தெரிஞ்சு போச்சு. ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு ஓடினான். ஓட்டறவர் பக்கத்துக் கதவு திறந்துச்சு. முதல்ல முடி வந்துச்சு. அப்புறம்தான் இல்மரி வந்தான்.

அந்தப் பக்கமா ஹில்கா இறங்கினா. "இவர்தாங்க என் வீட்டுக்காரர். போன மாசம்தான் பதிவு பண்ணினோம்."

"இல்மரியைத் தெரியுமான்னு கேட்டேனே!"

"தெரியாதுன்னு நான் சொல்லலையே?"

ரய்லி கோட்டும் கம்பளித் தொப்பியுமாப் படியிறங்கி வந்து ஹில்காவைக் கட்டிக்கிட்டா. "போன்லயே பேசிக்கிட்டிருந்தோம், இப்பத்தான் முகத்தைப் பாக்கறேன்." அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினா. "ஏன் வைனோ, வந்த ஆம்பளைங்களுக்கெல்லாம் கதவைச் சாத்தின. சிவப்புத் தொப்பிக்கு மட்டும் பாதி விலையா? நான் ஏதாவது கேட்டேனா? மூணாவது பாட்டுன்னு கத்தினேனா?"

வைனோ பனியில மண்டி போட்டுப் போல்ட்டை இறுக்கினான். பக்கத்துல நின்ன இல்மரி, "நல்ல சக்கரம்"னான். அதை அவன் சொல்லாம இருந்திருக்கலாம்.

முடிச்சு எழுந்தப்ப ரய்லி முன் சீட்டுல உட்கார்ந்தாச்சு. பின் சீட்டுல உட்கார்ந்தா அவளுக்குக் குமட்டும்.

"நீ வீட்டுலயே இரு, கிழவா. உனக்குத்தான் ஆட்டம்னாலே ஆகாதே. அடுப்புல சூப் இருக்கு. நாங்க வர நேரமாகும்."

"எவ்வளவு நேரமாகும்?"

"அது பாட்டைப் பொறுத்தது."

அடுத்த நிமிஷம் வைனோ பின் சீட்டுல. ஸ்பேனர் இன்னும் கால்சட்டைப் பைக்குள்ளயே இருக்கு. கார் கிளம்பிச்சு. அவனோட சொந்தச் சக்கரம், அவனுக்குக் கீழயே மொறுமொறுக்குது. ஹில்கா தன் கைப்பையை அவன் மடியில வெச்சுட்டு சீட் பெல்ட்டைத் தேடினா. முன்னால இருந்து ரய்லியோட பையும் வந்து விழுந்துச்சு. அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ரெண்டு.

"இது என்ன இந்தக் கனம் கனக்குது? உள்ள கல்லா வெச்சிருக்க?"

"பத்திரமாப் பிடிச்சுக்கோ," ரய்லி திரும்பிக் கூடப் பாக்கல. "போன வாரமே பாலீஷ் போட்டு எடுத்து வெச்சது. உன்னோட டான்ஸ் ஷூ."