திருப்பதி பஸ்ஸும் உன் அம்மாவும்

புத்தூர்,
செவ்வாய்க்கிழமை

திருப்பதி பி.எட். காலேஜில் வாத்தியார்களுக்கே வாத்தியாராக இருக்கும் என் அண்ணன் மகன் சிரஞ்சீவி கோவர்த்தனனுக்கு, அத்தை மணியம்மா எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். நீயும் பெண்டாட்டி பிள்ளைகளும் சுகமாக இருக்க ஏழுமலையானை வேண்டுகிறேன். உன் அம்மாவைப் பற்றிக் கீழே வருகிறது.

என் பேத்தி கீர்த்தி உன்னிடம்தானே படிக்கிறாள்? தெரியாத ஒருத்தருக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுத்துக் காட்டினால்தான் மார்க் என்றாயாம். எனக்குத் தமிழ் எழுதப் படிக்க வரும், தெலுங்கு பேச வரும், பஸ் பலகைத் தெலுங்கு மட்டும் வராது. அதனால் என்னைப் பிடித்தாள். "ஆயா, மனசு ஒரே சமயத்துல கொஞ்சம்தான் தாங்கும், அதனால ஒரு நாளைக்கு ஒரு ஊருதான். புதுசை, ஏற்கெனவே மனசுல கெட்டியா இருக்கிறதோட சேத்துக் கட்டிட்டா அவுந்து போவாது. உன் மனசுல என்னா கெட்டியா இருக்குது?" என்றாள். யார் யார் எனக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் இருக்கிறது, வேறென்ன இருக்கும்? நகரிக்கு, என் இட்லிப் பானையை இரவல் வாங்கி ஒரு தட்டைக் குறைத்துக் கொடுத்த லட்சுமம்மா. சித்தூருக்கு, பெண் பார்க்க வந்து பஜ்ஜியெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, பெண் கறுப்பு என்று சொல்லியனுப்பிய கும்பல். திருப்பதிக்கு உன் அம்மா கிருஷ்ணம்மா. என் மகள் கல்யாணத்தில் சாம்பாரில் உப்பில்லை என்று சம்பந்தி காதில் விழும்படி சொல்லிவிட்டு, அதே சாம்பாரைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஊற்றிக்கொண்டவள். பலகையைப் பார்த்ததும் ரத்தம் கொதிக்கும், ஊர்ப்பேர் தானாக வாயில் வரும். கொஞ்சம் மறக்க விட்டுக் கேட்டால்தான் நன்றாகப் பதியுமாம், நாள் விட்டு நாள் கேட்பாள். நான் எங்கே மறப்பது?

போன வாரம் நீ பரீட்சை பார்க்க பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாய். "அத்தே, எது திருப்பதி பஸ்ஸோ அதுல ஏறு" என்றாய். படித்துப் பார்த்து "இதான்" என்றேன்.

"அப்ப ஏறு."

"ஏறமாட்டேன். உப்பில்லைன்னு சொன்னவ ஊருக்கு நான் எதுக்குப் போவணும்?"

"எந்த உப்பும்மா?" என்று பஸ்ஸில் இருந்தவர்கள் கேட்டார்கள். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டே கேட்டான். நீ கீர்த்தியிடம், "படிச்சா மட்டும் பத்தாதும்மா, படிச்சதை வச்சு காரியம் நடக்கணும். வெள்ளிக்கிழமை வருவேன், அப்பவும் ஏறலைன்னா பெயில்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். ஒரு வருஷப் படிப்பு போய்விடுமே என்று பெண் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

அழுதுகினே பாடத்தை மாற்றினாள். "கோவத்தை அவுத்துட்டு அதே எடத்துல நல்லதா ஒண்ணைக் கட்டு ஆயா." ரொம்பத் தேடினேன். கடைசியில் அகப்பட்டது. எனக்கு டைபாய்டு வந்தபோது உன் அம்மா என் சிக்குத் தலையை மடியில் வைத்து, ஒரு முடிகூட அறுக்காமல் பின்னிவிட்டாள். நினைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உப்பும் போச்சு, கோபமும் போச்சு, கூடவே எழுத்தும் போச்சு. எந்தப் பலகையைப் பார்த்தாலும் முறுக்குத் தட்டைக் கவிழ்த்தமாதிரி இருக்கிறது. நேற்று உன் அம்மாவைப் பார்க்கிற ஆசையில் ஓடிப்போய் ஒரு பஸ்ஸில் ஏறினேன். சத்தியவேட்டில் இறக்கிவிட்டார்கள்.

ஆகவே போன வாரம் படித்தேன், நேற்று ஏறினேன். இரண்டையும் கூட்டி என் பேத்தியைப் பாஸ் பண்ணு. அவளைப்போலக் கற்றுக்கொடுக்கிறவள் இந்த ஜில்லாவிலேயே இல்லை. உன் அம்மாவிடம் நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று சொல்.

உன் குலம் தழைக்கட்டும். குழந்தைகளுக்கு என் முத்தம், அண்ணிக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
அத்தை மணியம்மா

பி.கு.: கடிதத்தை ஒட்டிக் கீர்த்தியிடம் கொடுத்தனுப்பப் போகும்போது உன் அம்மாவே போன் செய்தாள். பின்னல் விஷயத்தைச் சொல்லி அழுதேன். "ஐயோ மணி, அது யாரோ நர்சம்மா. ஒட்டிக்கும்னு நான் உன் வாசப்படியே மிதிக்கலையே!" என்றாள். உடனே வாசலுக்குப் போனேன். பால் வேன் முதல் மணல் லாரி வரை அத்தனை தெலுங்கையும் கடகடவென்று படித்தேன். ஆனால் கீர்த்தி, "ஆயா, உனக்கு ஞாபகம் தப்பிடுச்சா?" என்று சிரித்தாள். என் ஞாபகத்தையா! இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவளைப் பெயிலாக்கு.