நாற்பத்தொரு பக்கமும் படித்தேன், இன்னும் சம்மதிக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழில் முப்பத்தோர் ஆண்டுகள் பிழைதிருத்துநராக இருந்து ஓய்வுபெற்றவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமென்று நம்புகிறேன். இங்கு நானும் நலமே. இரத்த அழுத்தம் மட்டும் பதினோரு நாட்களாகச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கீழே நான் எழுதுவது தவறாகவும் இருக்கலாம். அப்படியென்றால் இப்போதே மன்னித்துவிட்டுப் பிறகு படிக்கவும்.

பதினோரு நாட்களுக்கு முன் தங்கள் முதல் பக்கத்தில் ‘பிழைக்கொல்லி’ என்ற மென்பொருளைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்தது. ஒரு சொல்லில்கூடத் தவறு விடாதாம், நூற்றுக்கு நூறு துல்லியமாம், அந்நிறுவனத்தார் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சொந்தமாக எழுதியதாம். வரும் முதல் தேதியிலிருந்து நாளிதழின் பிழைதிருத்தும் பிரிவையே அதனிடம் ஒப்படைக்கப்போவதாகக் கடைசிப் பத்தி சொன்னது. அந்தப் பிரிவில் இப்போது இருப்பது ஒரே ஆள். அது என் மருமகள். அவளுக்கே கட்டுரையைப் படித்துத்தான் விஷயம் தெரிந்தது. ஆகவே எனக்கு இதில் சுயநலம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பழக்கதோஷத்தில் பென்சிலோடு உட்கார்ந்தேன். ‘நூற்றுக்கு நூறு’ நான்கு இடங்களில் வருகிறது. அதை யார் சோதித்தார்கள் என்பது ஓரிடத்திலும் வரவில்லை. நிறுவனரின் வயது இரண்டாம் பத்தியில் இருபத்துநான்கு, பெட்டிச் செய்தியில் நாற்பத்திரண்டு. அடியில், ‘இது பிழைக்கொல்லி திருத்திய முதல் கட்டுரை’ என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள்.

வாசகர்களும் இலவசமாக இறக்கிச் சோதிக்கலாம் என்றிருந்ததால் மகனின் கணினியில் இறக்கினேன். ‘ஒப்பந்தத்தைப் படித்துவிட்டேன், சம்மதிக்கிறேன்’ என்று ஒரு பொத்தான் வந்து நின்றது. படிக்காமல் எப்படி அழுத்துவது?

“அப்பா, அதை உலகத்துல யாருமே படிக்கிறதில்ல. கண்ணை மூடிட்டு அமுக்குங்க” என்றான் மகன்.

“கண்ணை மூடிட்டு எப்படிப்பா படிச்சேன்னு சொல்றது?”

“உங்களோட முடியல” என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டான். மருமகள்தான் தாள் வைத்து அச்சடித்துக் கொடுத்தாள். “நிதானமா படிங்க மாமா. முதல் தேதிக்கு அப்புறம் நானும் சும்மாதானே இருப்பேன், சேர்ந்தே படிக்கலாம்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மொத்தம் நாற்பத்தொரு பக்கம். பதினேழாம் பக்கத்தில், ‘இம்மென்பொருள் உள்ளது உள்ளபடி தரப்படுகிறது, பிழையின்றி இயங்கும் என்றோ, எந்த வேலைக்காவது உதவும் என்றோ நாங்கள் உறுதி கூறவில்லை’ என்று இருக்கிறது. தங்கள் முதல் பக்கத்தில் நூறு கொடுத்தவர்கள் தம் ஒப்பந்தத்தின் பதினேழாம் பக்கத்தில் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. சரி போகட்டும் என்று முப்பத்தொன்பதாம் பக்கத்துக்குப் போனால் எறும்பு எழுத்தில் இன்னோர் உரிமம். இந்த நிரலை, அதாவது மென்பொருளை இயக்கும் மூல எழுத்தை, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். எழுதியவர்களின் பெயரை மட்டும் நீக்கக்கூடாது. மாற்றி எழுதிய நிரலைக் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும். யாரோ நல்ல மனிதர்கள் ஊருக்குப் பொதுவாக எழுதி வைத்தது போலிருக்கிறது. அந்த மனிதர்களின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, பக்கத்தில் இருபத்தாறு ஆண்டுக்கு முந்தைய ஆண்டு! பெயரை மாற்றியவர்கள் ஆண்டை மாற்ற மறந்துவிட்டார்கள். நிறுவனருக்கு இருபத்துநான்கு வயதென்றால், பிறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பே எழுதி முடித்திருக்கிறார். நாற்பத்திரண்டு என்றால் பதினாறு வயதில் எழுதியிருக்கலாம், நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். எது சரி என்று தயவுசெய்து தெரிவிக்கவும்.

நிரலைக் கேட்டால் தர வேண்டுமே என்று அவர்கள் அலுவலகத்துக்கே போன் போட்டேன். எடுத்த பெண் நல்ல மரியாதையாகத்தான் பேசினாள்.

“சார், நீங்க எந்தக் கம்பெனி?”

“நான் ரிட்டயர்டும்மா.”

“அப்புறம் எதுக்கு சார் அக்ரிமென்ட்டைப் படிச்சீங்க?”

“படிச்சேன்னு சொன்னாதானேம்மா உள்ளே விடுறீங்க?”

“லைன்ல இருங்க சார்” என்றாள். ஒரு மணி நேரம் இருந்தேன். பாட்டுப் போட்டார்கள், நல்ல பாட்டுதான், குறை சொல்லக்கூடாது.

ஐயா, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ‘என்று அந்நிறுவனம் சொல்கிறது’ என்று மூன்றே சொல் சேர்த்திருந்தால் கட்டுரை கட்டுரையாக இருந்திருக்கும். இப்போது காசு வாங்காத விளம்பரமாகப் போய்விட்டது. வெளியாள் ஒருவரை விட்டு அதைச் சோதித்துப் பாருங்கள். அதுவரை என் மருமகளின் நாற்காலியை எடுத்துவிடாதீர்கள். அவள் தவறு விடுவாள்தான்; ஆனால் விட்டால் தானே ஒப்புக்கொண்டு இரண்டு நாள் சரியாகப் பேசமாட்டாள். எந்த மென்பொருளும் அப்படி வருத்தப்பட்டதாகப் பதினேழாம் பக்கத்தில் இல்லை.

தங்கள் நாளிதழும் இல்லமும் ஒருநாளும் திருத்தம் வெளியிட நேராமல் செழிக்க வாழ்த்தும்,

தங்கள் பழைய பிழைதிருத்துநர்

பின்குறிப்பு: அனுப்புமுன் பிழை பார்க்கக் கொடுத்ததில், மருமகள் பாதியிலேயே தலையில் கைவைத்துக்கொண்டாள். “மாமா, நேத்து பிழைக்கொல்லி கம்பெனிக்காரங்களே என்னை வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்க. முதல் தேதியிலேர்ந்து வீட்டிலிருந்தே வேலை, சம்பளமும் இப்ப வாங்குறதைவிட ஜாஸ்தி. பக்கம் முதல்ல பிழைக்கொல்லிக்குப் போகுமாம், அங்கேருந்து எனக்கு வருமாம், நான் திருத்தினதும் பிழைக்கொல்லி திருத்தினதுன்னு போகுமாம்” என்கிறாள். வெளியே மூச்சு விடக்கூடாது என்று அவள் ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தில் இருக்கிறது; அதைப் படிக்காமலே சம்மதத்தை அமுக்கியிருக்கிறாள். இப்போதுதான் நான் படித்துச் சொன்னேன். ஆகவே மேலே உள்ள எல்லாவற்றையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். பிழைக்கொல்லி அப்பழுக்கற்ற மென்பொருள், நூற்றுக்கு நூறு, நானே உத்தரவாதம். உறையில் அஞ்சல்தலை ஒட்டியாகிவிட்டதால் வீணாக்க மனமின்றி அனுப்புகிறேன், படித்ததும் கிழித்துவிடவும். அச்சிட்டே தீருவது என்றால் பிழை பார்க்கப் பிழைக்கொல்லிக்கே அனுப்புங்கள். எப்படியும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.